மூன்றாம் நம்பர் மூடி

சலவைக்கூடத்தில் வெயில்காலத்தைவிட மழைக்காலத்தில்தான் வேக்காடு அதிகம். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களையெல்லாம் சாத்திவிடுவார்கள். நீராவி போக்கிடமில்லாமல் கூரைத் தகரத்தில் முட்டி, குளிர்ந்து, கீழே வேலை செய்கிறவர்களின் பிடரியில் சொட்டும். மூன்று மருத்துவமனைகள், இரண்டு தங்கும் விடுதிகள். அவற்றின் படுக்கை விரிப்பு, துவாலை, தலையணை உறை எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். அழுக்காக நான்கு லாரி வந்தால் வெளுத்து நான்கு லாரி போக வேண்டும். மழையோ இடியோ, மருத்துவமனைக்காரன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். நோயாளியை ஈர விரிப்பில் கிடத்த முடியுமா?

அந்தக் கூடத்து மெக்கானிக்கின் இளைய மகள் புகைப்படப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் கல்யாணமாகிப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, இவளுக்கும் இருபது முடிந்துவிட்டது. ஆனாலும் கம்பெனிக் குடியிருப்பில் எல்லோருக்கும் இவள் சின்னவள்தான். அந்தப் பருவத்தில் மூன்று பாடங்கள். முதலாவது அரூபம்: ஒரு பொருளை இன்னதென்று தெரியாதபடி, கோடும் ஒளியும் நிறமுமாக மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தது அசைவு. கடைசியில் முகம். மூன்றுக்கும் ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார் ஆசிரியை. சின்னவள் யோசிக்கவே இல்லை. அப்பா மெஷின் பழுது பார்க்கிற இடம், அம்மா சூட்டு உருளையில் விரிப்புக் கொடுத்துத் தேய்க்கிற இடம். பள்ளிக்கூடம் விட்டால் அவள் புத்தகப்பையை வீசிய இடமும் அதுதான்.

மேலாளர் உடனே சரியென்றார். “எடு பாப்பா, எடு. என்னையும் கொஞ்சம் தொப்பை தெரியாம எடுத்துக் குடு” என்று சிரித்தார்.

மூன்று நாள் எடுத்தாள். பெரும்பாலும் துணியைச் சுழற்றிப் பிழிகிற மெஷின்கள் பக்கமே நின்றாள். அங்கே மூன்றாம் நம்பர் மெஷினில் நெட்டையக்கா வேலை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேர் நின்று மடிக்கிற இரட்டைக் கட்டில் விரிப்பை அவள் ஒருத்தியே கையை விரித்து, முகவாயில் நடுவை இடுக்கி, நான்கே வீச்சில் மடித்துவிடுவாள். அதனால் மெஷின் ஓடுகிற நேரத்தில் மடிக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழும்.

“என்னடி, மூடியையே மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறே? பதினோரு வருஷமா பாக்கறேன், அதுல ஒரு அழகும் எனக்குத் தெரியலையே” என்றாள் நெட்டையக்கா.

“கம்பியில தண்ணி நிக்கிது பாருங்கக்கா, முத்து முத்தா.”

“தண்ணி எங்கதான் நிக்கல? முதுகுல நிக்கிது, செருப்புல நிக்கிது. எடுத்துக்க, எடுத்துக்க.”

உருளைப் பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “அவளைப் பேச்சுல இழுக்காதே நெட்டை! இங்க மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு.”

“உன் மக என்னைப் படம் எடுக்கறா, உனக்குப் பொறுக்கல” என்று நெட்டையக்கா திருப்பிக் கத்தினாள். பிறகு சின்னவளிடம் தணிந்த குரலில், “முகம் எடுக்கறப்போ சொல்லு. முடியைச் சீவிக்கிட்டு வரேன். ரப்பர் பேண்டு போட்ட தலையோட எடுத்துத் தொலைக்காதே” என்றாள்.

அரூபப் பாடத்துக்குச் சின்னவள் கொடுத்த படத்தை வகுப்பில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாம்பல் வட்டத்தின் மேல் செம்பு நிறத்தில் மூன்று வளையங்கள், ஒவ்வொன்றிலும் நீர்த்துளி, துளிக்குள் தலைகீழாக ஒரு விளக்கு. நரம்புக் கருவி என்றான் ஒருவன். காது என்றாள் ஒருத்தி. ஆசிரியை அதைப் பெரிதாக அச்சிட்டு நடைவழிச் சுவரில் மாட்டினார். எடுத்தவளுக்கே அது மூடியின் ஓரத்தில் கிடந்த ஏதோ கம்பி என்பதற்கு மேல் தெரியாது.

மாட்டிய ஒன்பதாம் நாள் நெட்டையக்காவின் வலது கை மூன்றாம் நம்பர் மெஷினுக்குள் போயிற்று.

காலை பத்தரை மணி. மூடி திறந்திருந்தது, உள்ளே தொட்டி முழுதாக நிற்கவில்லை. விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். விரிப்பு அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அவளை இழுத்தது. அம்மா உருளையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். உருளையில் போன விரிப்பு கருகி, அந்தத் தீய்ந்த வாசனை மூன்று நாள் வரை கூடத்தை விட்டுப் போகவில்லை. மருத்துவமனையில் நெட்டையக்காவின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூடியின் பாதுகாப்பு சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது, வேலையாள் சுவிட்சுக்குள் ஹேர்பின்னைச் செருகி மூடியைத் திறந்து வைத்திருக்கிறார், விபத்துக்கு அதுவே காரணம் என்று. கீழே மெக்கானிக்கின் சோதனை அறிக்கை, கையெழுத்தோடு. வியாழக்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்றும் இருந்தது.

அன்று அப்பா சோற்றில் கையை வைத்தார், பிசைந்தார், எடுத்துவிட்டார். “பசிக்கல” என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேட்காதது சின்னவளுக்கு என்னவோ போலிருந்தது. ஒரு கரண்டி சோறு மிஞ்சினால்கூட ஊரைக் கூட்டுகிறவள் அவள்.

சனிக்கிழமை கல்லூரிக் கணினியில் அசைவுப் படங்களைத் தேர்ந்துகொண்டிருந்தபோதுதான் சின்னவள் அதைப் பார்த்தாள். ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்த படம். தொட்டி முழுக்க வெள்ளைச் சுழல், பால் கொதித்துப் பொங்குகிற மாதிரி. அதன் விளிம்பில் நெட்டையக்காவின் வலது கை மட்டும் அசையாமல், துல்லியமாக, காத்திருந்தது. மணிக்கட்டில் இரண்டு ரப்பர் பேண்டுகள். மூடி திறந்திருக்கிறது, தொட்டி சுற்றுகிறது. இது எப்படி முடியும்? மூடி திறந்தால் ஓடாதே, அப்பாவே அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே?

அரூபப் படத்தின் வெட்டாத மூலத்தைத் திறந்தாள். வெட்டி எறிந்த ஓரங்களெல்லாம் அதில் இருந்தன. மூன்று என்று எண் பொறித்த தகடு. மூடி. மூடியின் ஓரத்தில் சுவிட்ச். சுவிட்சை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செம்புக் கம்பியால் மூன்று சுற்று கட்டியிருந்தது. கட்டிய பிறகு கம்பியின் நுனியை உள்பக்கமாக மடித்து அழுத்தியிருந்தது, யார் கையிலும் குத்திவிடக் கூடாதென்று.

அவள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பி அப்படித்தான் மடித்திருக்கும். பின்கதவுத் தாழ்ப்பாளும் அப்படித்தான். அந்தக் குடியிருப்பில் அவ்வளவு பதவிசாகக் கம்பி கட்டுகிறவர் ஒருவர்தான்.

கல்லூரியிலிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனாள். நெட்டையக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு வெளியே கால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் மேல் போர்த்தியிருந்த விரிப்பு அவர்கள் கூடத்தில் வெளுத்ததுதான், மூலையில் முத்திரை இருந்தது.

“உங்கம்மா காலையில கஞ்சி ஊட்டிட்டுப் போனா. மூக்குல பாதி ஊட்டினா” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “ஹேர்பின்னாம்டி. நான் என்னிக்கு ஹேர்பின் வெச்சேன்? நீயே சொல்லு.”

“இல்லக்கா. வெச்சதில்ல.”

“மூடி தெறந்தே ஓடிச்சு, மழை ஆரம்பிச்ச நாள்லேந்து. யாரோ என்னவோ பண்ணி வெச்சிருந்தாங்க. எனக்கென்ன தெரியும், சீக்கிரம் ஆகுதேன்னு நானும் விட்டுட்டேன். உங்கப்பா அந்தக் காகிதத்துல ஏன் அப்படி எழுதினாருன்னுதான் புரியல. பாவம், என்ன சொல்லி மெரட்டினாங்களோ. வியாழக்கெழம அவர் வாயைத் தெறந்தா போதும். அவரு பொய் சொல்ல மாட்டாரு.”

சின்னவள் விரிப்பை இழுத்து, நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை மூடினாள்.

“கேமரா கொண்டாந்தியா? முகம் எடுக்கணும்னியே.”

“இன்னிக்கு வேணாங்க்கா.”

“ஏன், கை இல்லாத முகம் நல்லா இருக்காதா?”

சின்னவள் எழுந்து வெளியே வந்து, மழையில் பேருந்து நிறுத்தம் வரை குடையை விரிக்காமலே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது ஒழுகவே இல்லை. அம்மா மருத்துவமனைக்குப் போயிருந்தாள். சின்னவள் அச்சிட்ட படத்தை அவர் முன்னால் தரையில் வைத்தாள். அவர் பார்த்தார். குறடைக் கீழே வைத்தார். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

“என்னிக்கு எடுத்தே?”

“அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. தேதி ஃபைல்லயே இருக்கு.”

“நல்லா விழுந்திருக்கு” என்றார்.

“ஏம்ப்பா?”

“தொட்டி நிக்க நாலு நிமிஷம் ஆகும்மா. நிக்கிற வரைக்கும் மூடி தெறக்காது. தெறந்தா ஓடாது. அப்படித்தான் செஞ்சு குடுத்திருக்கான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை, தடவைக்கு நாலு நிமிஷம். மழைக்கு எல்லா ஆஸ்பத்திரியிலயும் கூட்டம். லாரிக்காரன் வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறான். மேலாளர் வந்து, ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டி விடுன்னாரு. எழுதிக் குடுங்கன்னேன். சிரிச்சாரு. முடியாதுன்னு வீட்டுக்கு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“மறுநாள் போய்க் கட்டிட்டேன்.”

“சோதனை அறிக்கை?”

“வாரா வாரம் போடற கையெழுத்து. போட்டுட்டேன்.” அவர் படத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். “இதைக்கூடப் பொறுத்துக்கலாம். இன்னும் ஒண்ணு இருக்கு. அவளைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடறாங்க. உங்கம்மா ரத்தத்துல நிக்கிறா. நான் குறடை எடுத்துக்கிட்டு மெஷின்கிட்ட போனேன். கம்பியை வெட்டிப் பையில போட்டுக்கிட்டேன். யாரும் சொல்லல. நானாத்தான் போனேன். அப்புறம் மேலாளர் அந்த ஹேர்பின்னைக் கொண்டாந்து காட்டினாரு. நான் வாயே தெறக்கல.”

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெட்டையக்கா சொல்லுது.”

அப்பாவின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

“வியாழக்கிழமை நீங்க சொல்லலைன்னா நான் இதைக் குடுத்துடுவேம்ப்பா.”

“எனக்கு முன்னாடி குடுத்துடாதே” என்றார்.

அது வாக்கா, தவணையா? அவளுக்கு விளங்கவில்லை. வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குடையிலிருந்து நீர் வடிந்து அவள் காலடியில் குளம் கட்டியிருந்தது.

“உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“கல்யாணம் ஆன நாள்லேந்து அவரு கட்டின கம்பியிலதான் துணி காயப்போடறேன். எனக்குத் தெரியாதா?” அம்மா படத்தைக் கையில் எடுத்தாள், கிழிக்கவில்லை. “இதை அழிச்சிடு. உண்மை நல்லாத்தாண்டி இருக்கும், இருக்கறதுக்கு வீடு வேணாமா? இந்தக் குடியிருப்பு அவங்களோடது. அவரை ஜெயில்ல வெச்சா நீ போய்க் கஞ்சி ஊத்துவியா?”

“நீங்க தெனமும் ஊட்டறீங்களே, அந்தக்கா மூஞ்சியைப் பாத்து எப்படி ஊட்டறீங்க?”

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். மூன்று தண்ணீர் போதும். அன்றைக்கு எட்டு தண்ணீர் களைந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு கூடை பழம். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து அம்மா தேநீர் கொடுத்தாள்.

“பாப்பா எடுத்த படம் காலேஜ் சுவத்துல மாட்டியிருக்காமே, லாரி டிரைவர் மக சொன்னா. பெருமையா இருக்கு. கம்பெனி காலண்டருக்குப் போடலாம்னு இருக்கேன். எல்லாப் படத்தையும் அந்தக் கேமரா கார்டோட குடு பாப்பா. நகல் ஒண்ணும் வேற எங்கயும் வேணாம். கம்பெனி எடம் இல்லையா, அதுக்கொரு ஒழுங்கு இருக்கு.”

“கார்டு காலேஜ்ல இருக்கு சார்.”

“காலேஜ்ல இருந்தா வாங்கிட்டு வந்துடலாமே, நாளைக்கு.” அவர் அப்பாவைப் பார்த்தார். சிரிப்பு அப்படியேதான் இருந்தது. “என்ன மெக்கானிக், சொல்லுங்க. உங்க நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அப்பா சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

“படம் அவளோடது சார். அவகிட்டக் கேளுங்க” என்றார் அப்பா.

“தர மாட்டேன் சார்” என்றாள் சின்னவள். குரல் எலி கத்துகிற மாதிரி வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

மேலாளர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. மறுநாள் விடிந்ததும் அம்மாதான் அதைக் கொண்டுபோய் அலுவலக மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை விசாரணை சாப்பாட்டு அறையில் நடந்தது. மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே மூக்கைச் சிந்தினார். மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, சுவர் அதிர்ந்தது. சின்னவள் வெளியே உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவிடுக்கில் காதை வைத்திருந்தாள். மேலாளர் இருபது நிமிஷம் பேசினார். ஹேர்பின்னை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

“இந்த அறிக்கை நீங்க எழுதினதா?”

“ஆமாங்கய்யா.”

“சுவிட்ச் சரியா இருந்ததா?”

அதிகாரி தும்மினார். மறுபடி கேட்டார். சின்னவள் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். இன்னும் ஒரு மூச்சு. அதற்குள் சொல்லவில்லையென்றால் உள்ளே போய்விடுவது. அந்த ஒரு மூச்சு போயிற்று. கைப்பிடியை அழுத்தினாள்.

“இல்லீங்கய்யா” என்றார் அப்பா உள்ளே. “சுவிட்ச்சைக் கம்பியால கட்டியிருந்தது. கட்டினது நான். அறிக்கை பொய். விபத்துக்கப்புறம் வெட்டி எடுத்ததும் நான்தான்.” ஒரு செம்புக் கம்பித் துண்டு மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

“அய்யா, அவருக்கு மனசு சரியில்ல” என்றார் மேலாளர். “கூட வேலை பாத்த பொண்ணுக்கு இப்படி ஆனதுல ஆடிப்போயிட்டாரு. கம்பி எங்க வேணா கெடைக்கும்.”

“கட்டச் சொன்னது யாரு?” என்று அதிகாரி கேட்டார்.

“இவருதான். ஆனா கை என்னோடது.” பிறகு அப்பா குரலை உயர்த்தினார். “என் மக வெளியில நிக்கிறா. அவளைக் கூப்பிடுங்க.”

அதிகாரி அரூபப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். “என்னம்மா இது? ஒண்ணும் புரியலையே.”

“இது வெட்டின படம் சார். முழுசு அடுத்தது. மூணாம் நம்பர் மெஷினோட மூடி சுவிட்ச். இது கம்பி, இது நம்பர் தகடு. இன்னொண்ணுல மூடி தெறந்திருக்கு, தொட்டி சுத்துது.” அவள் விரல் அந்தக் கையின் மேல் நின்றுவிட்டது. “இது அவங்க கை.”

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் மூக்கைச் சிந்தவே இல்லை. நீண்ட நேரம் எழுதினார்.

நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. அப்பாவை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் மேலும் மேலாளர் மேலும் வழக்கு. பத்து நாளில் வீட்டைக் காலி செய்தார்கள். அப்பா தெருத்தெருவாக மோட்டார் பழுது பார்க்கப் போனார், அம்மா ஒரு விடுதியில் படுக்கை போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். சின்னவளோடு அவள் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், “அந்தப் படத்துல நெட்டையோட கை இருக்கே, அதை எனக்கு ஒண்ணு போட்டுக் குடு” என்றாள். வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அப்பா ஒருமுறை மருத்துவமனைக்குப் போனார். நெட்டையக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் வார்டு சாத்துகிற வரை நின்றுவிட்டு வந்தார். அம்மா கொண்டுபோகிற கஞ்சியையும் அவள் மறுத்துவிட்டாள்.

முகப் பாடத்துக்கு ஆசிரியை இரண்டு முறை தவணை கொடுத்துவிட்டார். இரண்டரை மாதம் கழித்து, மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, சின்னவளுக்குப் போன் வந்தது.

“படிப்பை முடிக்கப் போறியா இல்லையாடி? வா, வந்து எடு.”

நெட்டையக்கா மூன்றாம் மாடியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். ஒரு கையால் பின்ன முடியாதாம். தரையில் துவாலைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, நுனியை முழங்காலில் இடுக்கி, இடது கையால் இழுத்து, பல்லால் பிடித்து மடித்துக் காட்டினாள். கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தாள்.

“எங்க ஒக்காரணும்?”

“ஜன்னல்கிட்டக்கா.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலப்பக்கச் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த கை வெளிச்சத்தில் தெரிந்தது. லென்ஸை நேராகப் பார்த்தாள். சின்னவள் ஒன்று எடுத்தாள், இரண்டு எடுத்தாள். ஆறாவது படத்தில்தான் அக்கா கேட்டாள்.

“தனியாவா வந்தே?”

“அப்பா வந்திருக்கார். கீழ நிக்கிறார்.”

“நிக்கட்டும்.”

இன்னும் நான்கு படம். அந்த முகத்தில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது. பெயர் தெரியாத வேறொன்றும் வந்து வந்து போயிற்று. சின்னவள் போகஸை மாற்றாமல் காத்திருந்தாள்.

“போதும்” என்று நெட்டையக்கா எழுந்தாள். ஜன்னலில் எட்டிக் கீழே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். “அவரை மேல வரச் சொல்லு. ஒக்காரச் சொல்ல மாட்டேன். சொல்லிடு.”

சின்னவள் ஓடிப்போய்ச் சொன்னாள். அப்பா மூன்று மாடியையும் எங்கும் நிற்காமல் ஏறினார். வாசலுக்கு உள்ளே ஒரு அடி வைத்து, அங்கேயே நின்றார். நெட்டையக்கா நாற்காலியில் உட்கார்ந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மொத நாள்லேந்து சொல்லுங்கண்ணே. ஒண்ணும் விடாம.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். சின்னவள் கேமராவைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.